போக்கியத்துக்குப் போன மூன்று வீடுகள்

1958 பிப்ரவரி முதல் தேதி. மில்லில் ஷிப்டு முடிந்ததும் தனக்கோடி நேராக ஜீவனஹள்ளிக்குப் போனாள். அங்கே ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் மூன்று சின்ன வீடுகள். அவளும் கணவன் ஆதிகேசவனும் போன மாதம்தான் வாங்கியிருந்தார்கள். முதல் வாடகை வாங்கும் நாள் அன்றுதான்.

நடுவீட்டு கேத்தரின் கதவைத் திறந்தாள்.

"வாடகையா? இன்னாக்கா இது? மூணு வீடும் போக்கியம். ஆளுக்கு ஆயிரம் உங்க வீட்டு அண்ணன்கிட்ட குடுத்துட்டுதான் வந்தோம். ஸ்டாம்பு பேப்பர் காட்டட்டுமா?"

போக்கியம் எப்படி என்றால், குடிவருபவர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார். அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது, வீட்டுக்கு வாடகையும் கிடையாது. ஒன்றுக்கு ஒன்று சரி. மூன்று வருஷம் கழித்துக் காலி செய்யும் நாளில் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பணத்தை வேறு தொழிலில் போட்டுப் பெருக்குகிறவருக்கு இது லாபம். அதைக் கொண்டே வீட்டை வாங்கியவருக்கு மூன்று வருஷம் வரும்படி இல்லை. கடைசியில் மூவாயிரம் ரூபாய் கடன்.

மூன்று வீட்டுக்கும் சேர்த்து விலை ஐயாயிரம். தனக்கோடி தான் கட்டிவந்த சீட்டை ஏலத்தில் முன்கூட்டியே தள்ளி எடுத்து இரண்டாயிரம் கொடுத்தாள். மீதியை அவன் ஃபேக்டரி சொசைட்டியில் கடன் வாங்கலாம், வாடகையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அடைந்துவிடும் என்றாள். ஆதிகேசவன் கேட்கவில்லை. "கடன்காரன்னு பேர் வேணாம். ரொக்கமா ரெடி பண்ணிட்டேன்" என்றான். பி.எஃப். பணம் என்று அவள் நம்பினாள்.

சீட்டுக்கு மாதம் ஐம்பது கட்ட வேண்டும். அதற்கும் இந்த வாடகையைத்தான் நம்பியிருந்தாள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் கூட வேலை செய்யும் பாஞ்சாலி. இவள் கட்டாவிட்டால் பாஞ்சாலியின் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஆதிகேசவன் தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் தரவேண்டிய வாடகை முப்பதை எண்ணிக்கொண்டிருந்தான்.

"மூணு வீட்டுக்காரன் வாடகை எண்றான் பாரு! யோவ், போக்கியம் கடன் இல்லாம இன்னாய்யா?"

"வட்டி இல்லாத பணம்டி..."

"வட்டி இல்லியா? மூணு வீட்டுக்கும் மாசம் எழுபத்தஞ்சு வாடகை போச்சே, அது இன்னா? சொசைட்டி கடன் மாசாமாசம் தேயும். உன் கடன் மூணு வருஷம் அப்படியே குந்திகினு இருக்கும். பாஞ்சாலி புள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

அவன் கையிலிருந்த முப்பதை அவள் பிடுங்கினாள்.

"இது இந்த மாசம் சீட்டுக்கு. இருபது உன் சம்பளத்துல. இந்த வீட்டுக்கு நாம குடுத்த அட்வான்ஸுல வாடகையைக் கழிச்சிகினு காலி பண்றோம். ஜீவனஹள்ளி வீட்டுக்குப் பின்னால விறகுக் கொட்டா இருக்கு இல்ல? மூணு வருஷம் அங்கதான்."

"குடித்தனக்காரங்க எதிர்லயா? மானம் போவும்டி!"

"போவட்டும்."

ஞாயிற்றுக்கிழமை தட்டுமுட்டுச் சாமானோடு கொட்டகைக்கு வந்தார்கள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு கேத்தரின் சிரித்தாள்.

"இன்னாக்கா, நீங்களும் போக்கியமா?"

"ஆமாம்மா. நான் குடுத்தது ரெண்டாயிரம்" என்றாள் தனக்கோடி. "வாங்கினவன் அதோ, பாயைத் தூக்கிகினு நிக்கிறான்."