பதில் வாழ்த்து

பெருநாள் தொழுகை முடிந்ததும் இஸ்திரிக்காரர் யாரையும் கட்டித் தழுவாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மகளை அடக்கம் செய்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. வாழ்த்துகிறவர்களுக்கு என்னவென்று பதில் சொல்வது? லீவு போடாமல் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்கு வந்தார். அங்கே அவருடைய பெருநாள் யார் நினைவிலும் இருக்காது என்று ஒரு நம்பிக்கை.

விதி விட்டால்தானே. ஒரு மாத லீவுக்குப் பிறகு சலவை மெஷின்காரன் அன்றுதான் திரும்பியிருந்தான். வெகுளி, வாய் ஓயாது.

"அண்ணே, ஈத் முபாரக்!" என்று நீராவிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே வந்தான். "ரயில்ல சொல்லிச் சொல்லிப் பழகினேண்ணே. பக்கத்து சீட்டுக்காரரு என்னை மந்திரவாதின்னு நெனச்சு எந்திரிச்சே போயிட்டாரு!"

விரிப்பு மடிக்கும் அக்கா அவனுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவன் திரும்பினால்தானே!

"என்னண்ணே, பேச்சையே காணோம்? நீங்க பதிலுக்கு 'ஹைர் முபாரக்'னு சொல்லணுமாமே. அதையும் கேட்டு வச்சிருக்கேன்."

ஹைர் என்றால் நன்மை. அந்தச் சொல்தான் அவரை முள்ளாகக் குத்தியது. ஆறு வயதுப் பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோனதில் என்ன நன்மை? ஆனால், வாழ்த்தியவனுக்கு அதைவிட அழகாக, முடியாவிட்டால் அதே அளவாவது திருப்பிச் சொல்லவேண்டும் என்பது வேதம் விதித்த கடமை. துக்கக்காரனுக்கு அதில் விலக்கு இருப்பதாக அவர் கேட்டதில்லை.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏ கூறுகெட்டவனே, இங்க வா! அவரு வீட்ல..."

அவள் சொல்லி முடித்தால் அவன் ஆயுசுக்கும் குன்றிப்போவான். இஸ்திரிக்காரர் பெட்டியை அவசரமாக நிமிர்த்தி வைத்தார்.

"ஹைர் முபாரக், தம்பி."

அவருக்கே அது யாரோ சொன்னது போலிருந்தது. அவனை இழுத்துத் தழுவிக்கொண்டார்.

"பாப்பா புதுச்சட்டை போட்டாச்சாண்ணே?" என்றான் அவன், அவர் தோளில் முகம் வைத்தபடியே.

அவர் பிடியை விடவில்லை. அவர் உடம்பு குலுங்கியது. அவன் பதறி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவனுக்கு விளங்கிவிட்டது. ஆண்டவன் புண்ணியத்தில் அப்போது அவன் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. அவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மெஷின் ஓய்ந்து மணியடித்தது. மேஸ்திரி வாசலில் வந்து சத்தம் போட்டார். இஸ்திரிக்காரர் தானாக விடும்வரை அவன் நகரவில்லை.