அம்பு எந்தப் பக்கம்

1.

இந்தக் கதை ஒரு கம்ப்யூட்டர் திரையிலிருந்து வந்தது. ஃபிஜியின் தலைநகர் சுவாவில், பல்கலைக்கழகப் பயிற்சி அறையில், உனைசிக்குப் பின் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் திரை எனக்குத் தெரிந்தது. இதை எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

முதல் வரியாக 'வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது' என்று எழுதி அடித்துவிட்டேன். எப்போதும் மழை பெய்யும் சுவாவில் அதெல்லாம் ஒரு செய்தியா?

2.

நாங்கள் கற்க வந்தது கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி. (பெயரைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.) சோர்வு, அவமானம், ஆசை போல நேரடியாக அளக்க முடியாதவற்றைக் கேள்வித்தாள் பதில்களிலிருந்து ஊகித்து வட்டங்களாக வரைய வேண்டும். எது எதற்குக் காரணம் என்று நினைக்கிறோமோ அப்படி அம்பு போட வேண்டும். நம் படம் தரவோடு பொருந்துகிறதா என்று மென்பொருள் சொல்லும்.

உனைசி நர்ஸாக இருந்து ஆராய்ச்சிக்கு வந்தவள். ஃபிஜி நர்ஸ்கள் ஏன் வேலையை விட்டுவிட்டு நியூசிலாந்துக்குப் போகிறார்கள் என்பது அவள் கேள்வி. அவள் படத்தில் இரண்டே வட்டங்கள். 'மேலதிகாரி நடத்தும் விதம்' என்பதிலிருந்து 'போய்விடும் எண்ணம்' என்பதற்கு ஓர் அம்பு.

பயிற்சியின் கடைசி நாள் மெரேவலேசி வந்தார். மருத்துவமனையின் தலைமை நர்ஸ். அவர் கையெழுத்துப் போட்டால்தான் உனைசியின் அறிக்கை அமைச்சகத்துக்குப் போகும். உனைசி ஒருகாலத்தில் அவருடைய வார்டில்...

[இல்லை, இதை அவளே சொல்லட்டும்.]

3.

"அந்த அம்பத் திருப்பிப் போடு," என்றார் மெரேவலேசி. "போறதுன்னு முடிவு பண்ணிட்டவளுக்கு நாங்க எது செஞ்சாலும் கொடுமையாத்தான் தெரியும்."

உனைசி பயிற்சியாளர் ரோஹிதேஷைப் பார்த்தாள்.

"போட்டுப் பாருங்க," என்றார் அவர்.

அம்பைத் திருப்பி மென்பொருளை ஓடவிட்டாள். பொருத்தத்தைக் காட்டும் எண்களில் ஒன்றுகூட மாறவில்லை.

"மென்பொருளுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சிஸ்டர்," என்றார் ரோஹிதேஷ். "அம்பு எந்தப் பக்கம்னு இந்த எண்கள வச்சு சொல்ல முடியாது."

"அப்ப யாரு சொல்றது?"

"படம் போடுறவங்கதான். ஏன்னு காரணம் காட்டணும்."

"நான் காட்டிட்டேனே. திருப்பினதையே வச்சுக்க, உனைசி."

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

4.

இந்த இடத்தில் உனைசிக்கு நான் ஒரு நீண்ட வசனம் எழுதியிருந்தேன். நன்றாகவே இருந்தது, அவள் பேசுகிற மாதிரிதான் இல்லை. அவள் பேசியது இது:

"நான் உங்க வார்டுல இருந்தேன் சிஸ்டர்."

"தெரியும்."

"மருந்து அளவு தப்புன்னு நோயாளிங்க முன்னாடி என்னை நிக்க வச்சுத் திட்டினீங்க. தப்புப் பண்ணினது நான் இல்ல. அன்னிக்கு வரைக்கும் எனக்குப் போற எண்ணமே கிடையாது."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு."

ரோஹிதேஷ் குறுக்கே வந்தார். "இதே நர்ஸுங்ககிட்ட அடுத்த வருஷமும் கேட்டா, எது முதல்ல வந்துச்சுன்னு ஓரளவுக்குத் தெரியும்."

"அடுத்த வருஷம் யாரு இருப்பா?" என்றார் மெரேவலேசி ஏளன... 

(அடித்துவிட்டு 'வருத்தமாக' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அந்தக் குரல் எனக்குப் பிடிபடவில்லை.)

"ஆள் இல்லாம வார்டுல நானே டூட்டி பாக்குறேன். அது உன் படத்துல எங்க இருக்கு?"

அந்த இரண்டு வட்டங்களில் அது இல்லை. நியாயமான கேள்வி.

5.

தைரியசாலி என்பதால் பேசினாளா, பேசியதால் தைரியம் வந்ததா? எப்படி எழுதினாலும் என் கதை பொருந்துகிறது. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் அம்பைப் பழையபடி திருப்பினாள். படத்தை அச்செடுத்து அறிக்கையின் மேல் வைத்து, மெரேவலேசியின் முன் நகர்த்தினாள்.

அவர் வெகுநேரம் படித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அன்னிக்கு அளவத் தப்பாப் போட்டது யாரு?"

உனைசிக்கு அந்தப் பெயர் தெரியும். அந்தப் பெண் இன்னும் அதே வார்டில் வேலை பார்க்கிறாள். எங்கேயும் போகாதவர்களில் ஒருத்தி.

உனைசி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். மெரேவலேசி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நீங்களாக இருந்தால் சொல்வீர்களா?