மாப்பிள்ளைக்கு ஒரு டிக்

அந்தச் சலவை நிலையத்தின் மூன்றாம் மாடியில் துணி மடிப்பவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகியும் அந்தப் பட்டம் போகவில்லை. அங்கே இஸ்திரிப் பிரிவு சூப்பர்வைசரான மனைவிதான் அவரை வேலைக்குக் கொண்டுவந்தவள். பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

ஆபத்து என்றால் அந்த மாடியைக் காலி செய்யும் பொறுப்பும் அவளுடையதே. ஆரஞ்சு மேல்சட்டையைப் போட்டுவிட்டால் மேனேஜரையே வரிசையில் நிறுத்துவாள். கட்டிய கணவரிடம் மட்டும் அந்தக் கண்டிப்பு செல்லுபடியாகாது. மாப்பிள்ளைக்கு முட்டிவலி. தீ விபத்து ஒத்திகைக்காக மாதாமாதம் அவர் மூன்று மாடி இறங்கி ஏறுவதைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க போர்வை ரூம்லயே உக்காருங்க, பட்டியல்ல உங்க பேருக்கு நான் டிக் போட்டுக்கறேன்" என்று பாசத்தில் ஆரம்பித்தது வழக்கமாகிவிட்டது.

அன்று மணி அடித்தபோது கீழே துணி உலர்த்தும் மெஷினில் நிஜமாகவே தீ. புகை படியேறுவதற்குள் அவள் எல்லோரையும் இறக்கிவிட்டாள். ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தாள், வழக்கம்போல போர்வை அறையைத் தவிர. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி இருபத்தேழு பெயருக்கும் டிக் போட்டாள். பட்டியலை மேனேஜரிடம் நீட்டிய பிறகுதான் போர்வை அறை ஞாபகம் வந்தது.

வாசலை நோக்கி ஓடினாள். வெளியே வந்தவர்கள் திரும்ப உள்ளே போகக் கூடாது என்று மாதாமாதம் தொண்டை கிழியக் கத்தியவளும் அவள்தானே! பாதித் தெருவில் நின்றாள். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அப்போதுதான் வண்டியில் வந்து இறங்கிய தீயணைப்பு வீரரின் கையைப் பிடித்தாள்.

"நான் போட்ட டிக் பொய் சார். எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்கார். மூணாவது மாடி, இடது பக்கம் கடைசிக் கதவு. முட்டி சரியில்ல, தூக்கித்தான் கொண்டுவரணும்."

ஏழு நிமிஷம் ஆனது. அவள் வேண்டாத தெய்வமில்லை.

ஒரு வீரரின் முதுகில் இருமிக்கொண்டே வந்தார் மாப்பிள்ளை. முகமெல்லாம் கரி.

"ஒத்திகைன்னு நெனச்சு அசந்துட்டேன். புகையப் பாத்ததும், நீ ஓடி வருவேன்னு நெனச்சேன்."

"நானும் உள்ள வந்துட்டா நீங்க எங்க இருக்கீங்கன்னு இவங்களுக்கு யாரு சொல்றது?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். "இனிமே எல்லா ஒத்திகைக்கும் இறங்குறீங்க. முடியலன்னா நான் சுமக்கறேன்."

"நீயா? என்னையா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேனேஜரிடமிருந்து பட்டியலைத் திரும்ப வாங்கி, முதல் ஆளிலிருந்து ஒவ்வொருவரையும் தோளில் தொட்டு எண்ணினாள். இருபத்தேழாவதாக மாப்பிள்ளையைத் தொட்டவள் கையை எடுக்கவே இல்லை.