ஒரே டைரக்சன்

சாமளாபுரம் போகும் சாலையில் பழைய தறி ஷெட்டு ஒன்றில் சசிகுமாரின் பனியன் கம்பெனி நடக்கிறது. இருபத்திரண்டு தையல் மெஷின், ஒரு நீளமான கட்டிங் மேசை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு கண்ணாடி அலமாரி. மற்ற கம்பெனிகளில் அந்த இடத்தில் சாமி படமோ ஏற்றுமதி விருதோ இருக்கும். இங்கே இருப்பவை ஐந்து தட்டுகள். தட்டுக்கு ஒரு தொழில்.

மேல் தட்டில் நாய்க்கான காலுறை. அடுத்ததில் காதை அறுக்காத முகக்கவசம். அப்புறம் லேபிள் வைக்காத பனியன், படுத்தபடுக்கையாகக் கிடப்பவர்களுக்கான விரிப்பு, தையலே உள்ளே தெரியாத ஜட்டி. எதுவும் மட்டமான சரக்கு இல்லை. ஒவ்வொன்றிலும் முக்கால் கிணறு தாண்டும்போது அடுத்த கிணறு சசிகுமாரின் கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அவனைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு மெஷின் பழுதானால் சாப்பாட்டை மறந்து ஆறு மணி நேரம் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பான். ஆனால் மின்கட்டண அட்டையை எடுக்க மாடிக்குப் போனால், அட்டை இல்லாமல் ஒரு உடைந்த கடிகாரத்தோடு இறங்கி வருவான். சட்டை லேபிள் கழுத்தில் உரசினால் அவனுக்கு உலகமே ஓடாது. புதுச் சட்டை வாங்கியதும் முதல் வேலை கத்தரிக்கோல் தேடுவது. மச்சினன் கல்யாணத்தில் லேபிளை வெட்ட நேரமில்லாமல் பட்டுச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தவன் அவன்.

முப்பத்தொன்பது வயதில், கோயமுத்தூரில் ஒரு டாக்டர் இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது என்றார். ஏ.டி.எச்.டி. வீட்டுக்கு வந்து, தனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறதாம் என்று மனைவி சித்ரகலாவிடம் சொன்னான். கம்பெனியின் செக்கிங், கணக்கு, ஆள் பிடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஏற்றுமதித் தொழிலில் மூன்றெழுத்திலும் நாலெழுத்திலும் சர்டிபிகேட்டுகள் வந்துகொண்டே இருப்பதால், அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அதுக்கு ஆடிட் எப்பங்க?"

டாக்டர் சொன்னதை அவன் விளக்கினான். கவனம் இல்லாத வியாதி இல்லையாம் இது. கவனம் நிறையவே இருக்கிறது. அது எங்கே போக வேண்டும் என்று சொல்கிற சூப்பர்வைசர்தான் அடிக்கடி லீவு போட்டுவிடுகிறார். மாத்திரை கொஞ்சம் உதவும். கூடவே, கம்பெனிக்கு ஒரு திசையை முடிவு செய்து எழுதிவைத்துக்கொண்டு, புதிதாக எது தோன்றினாலும் அது அந்தத் திசையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சித்ரகலா இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னாள். வெளிநாட்டு பையர்களுக்கு இங்கே சரக்குப் பிடித்துக்கொடுக்கும் பையிங் ஆபீஸிலிருந்து பிரபாகர் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறார். இரண்டாயிரம் பாப்பா உடுப்பு ஆர்டர் அவர் கொடுத்தது. சரக்குப் பிடித்துப்போனால் வருடம் முழுக்க வேலை. போன தடவை அவர், உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டதற்கு சசிகுமார் ஒரு மணி நேரம் பதில் சொல்லி, நாய்க்கு நான்கு கால் அளவும் ஒன்றில்லை என்பதில் வந்து முடித்திருந்தான். இந்தத் தடவையும் அப்படி ஆனால் கம்பெனியை மூடிவிட்டு, ஷெட்டைப் பக்கத்து எம்ப்ராய்டரி தங்கவேலுவுக்கு வாடகைக்கு விடுவது. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சசிகுமார் பயந்திருக்கமாட்டான். மாவுக்கு உப்புப் போதுமா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள்.

திங்கட்கிழமை துணி வந்தது. வெலூர் துணி, வெல்வெட் மாதிரி மெல்லிய முடி வைத்தது, வெளிர் நீலம். கட்டிங் மாஸ்டர் காசிமாயன் உசிலம்பட்டிக்காரர். இருபத்தாறு வருடமாகத் திருப்பூரில் வெட்டுகிறவர். வெட்டினது பூராவும் சாதாரண பனியன் துணி.

பனியன் துணியை வெட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. துணியை மேசையில் ஐம்பது அறுபது அடுக்காக விரித்து, மேலே சட்டையின் ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய அட்டையை வைத்துக் கோடு போடுவார்கள். ஒரு கையின் அட்டையை நேராக வைத்தால் அடுத்த கையைத் தலைகீழாக வைப்பார்கள். டிபன் பாக்ஸில் வாழைப்பழம் அடுக்குவதுபோல ஒன்றின் வயிற்றில் மற்றொன்றின் முதுகு பொருந்தும். துணி மிச்சமாகும். இது இரண்டு டைரக்சன். எல்லா அட்டையும் ஒரே பக்கம் தலைவைத்தால் ஒரே டைரக்சன். இடையில் சந்து விழுந்து துணி கூடுதலாகச் செலவாகும். அதனால் யாரும் கேட்காமல் ஒரே டைரக்சனில் வெட்டமாட்டார்கள்.

முடி வைத்த துணி என்பதால் காசிமாயனுக்கு ஒரு சந்தேகம். முதலாளியிடம் எத்தனை டைரக்சன் என்று கேட்டார். பையர் அனுப்பிய குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதாக சசிகுமார் சொன்னான். நிஜமாகவே திறந்தான். நான்காம் பக்கத்தில் பிரஸ் பட்டனின் குறுக்குவெட்டுப் படம் இருந்தது. ஒரு சின்ன வளையம் எப்படி விரிந்து கொடுத்துப் பின் இறுகிக்கொள்கிறது என்கிற அந்த அழகில் இறங்கியவன் ஐந்தாம் பக்கத்துக்குப் போகவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, மாத்திரை போட்ட தெம்பில், கம்பெனியின் வாட்ஸப் குரூப்பில் டாக்டர் சொன்னபடி தன் தீர்மானத்தை அறிவித்தான்: "இன்று முதல் நமக்கு ஒரே டைரக்சன்தான். எவ்வளவு செலவானாலும் சரி. யாரும் மாற்றக் கூடாது."

எந்த டைரக்சன் என்பது மட்டும் பாக்கி. அதைச் சாயங்காலம் யோசிக்கலாம் என்று இருந்தான்.

இரண்டு நாள் கழித்து காசிமாயன் ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்றார். துணி தீர்ந்துவிட்டது, நூற்று முப்பது பீஸ் குறைகிறது என்றார். துணி எப்படிக் குறையும், எடை போட்டுத்தானே வாங்கினோம் என்று சித்ரகலா எழுந்தாள். மாஸ்டர் நிதானமாகத் தன் போனை எடுத்து நீட்டினார்.

"மொதலாளிட்ட எத்தனை டைரக்சன்னு கேட்டேன். மறுநாளே குரூப்புல போட்டுப்புட்டாரு. எவ்வளவு செலவானாலும் சரின்னு வேற போட்டிருந்தாரு. அதேன் மாத்தாம வெட்டிப்புட்டேன்."

சித்ரகலா படித்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். சசிகுமார் மேசை மேலிருந்த பிரஸ் பட்டனைப் பார்த்தான். மாஸ்டரைத் திட்டவும் வழியில்லை. ஒவ்வொரு எழுத்தும் அவனுடையது. மறுபடி துணி வாங்கலாம் என்றால் அதுவும் நடக்காது. ஒரே நீலத்தை ஒரே சாயப்பட்டறையில் இன்னொரு தடவை முக்கினாலும் அது வேறு நீலமாகத்தான் வரும். பக்கத்தில் வைத்தால் அக்காவும் தங்கையும் மாதிரி இருக்குமே தவிர இரட்டையாக இருக்காது.

சித்ரகலா தங்கவேலுவுக்குப் போன் செய்தாள். அவர் அளவு நாடாவோடு வந்து, தன் எம்ப்ராய்டரி மெஷின் இந்தச் சுவரோரம் நிற்குமா என்று அளந்துவிட்டு, அலமாரியை மட்டும் காலி செய்துகொடுத்தால் போதும் என்று பவ்யமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை பிரபாகர் வந்தபோது முக்கால்வாசி உடுப்பு தைத்து அடுக்கியிருந்தது. குறையும் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அதற்குள் அவர் ஒரு உடுப்பை எடுத்து மேசையில் விரித்தார். உள்ளங்கையை உடுப்பின் நெஞ்சிலிருந்து கால்வரை இழுத்தார். பிறகு கையில் இழுத்தார், முதுகில் இழுத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பத்து எடுத்தார்.

"இதை ஒரே டைரக்சன்ல வெட்டச் சொன்னது யாருங்க?"

காசிமாயன் பெருமையாகக் கை காட்டினார்.

"மொதலாளிதேன்."

பிரபாகர் விளக்கினார். வெலூரின் முடி பூனையின் முதுகுபோல ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். தடவும் பக்கம் பார்த்தால் வெளுப்பு, எதிர்ப்பக்கம் பார்த்தால் அடர்த்தி. நெஞ்சை நேராகவும் கையைத் தலைகீழாகவும் வெட்டித் தைத்தால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். இதே உடுப்பைக் கொடுத்த வேறு மூன்று இடத்தில் குறிப்புப் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தை யாரும் படிக்கவில்லையாம். மொத்தச் சரக்கும் ரிஜெக்ட் ஆகிவிட்டதாம். நூற்று முப்பது குறைகிறது என்று சித்ரகலா மெல்லச் சொன்னதற்கு, பையரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மூன்று இடத்தில் ஒன்றுகூடத் தேறாதபோது இங்கே இவ்வளவு தேறியிருக்கிறதே.

ஆமாம், ஆறாம் பக்கம் படித்தேன் என்று சசிகுமார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். காசிமாயன் அதற்குள் ஆதாரத்துக்காகப் போனை எடுத்துக் காட்டிவிட்டார். பிரபாகர் இரண்டு தடவை படித்தார்.

"இது கட்டிங்குக்குப் போட்ட மெசேஜ் மாதிரி இல்லீங்களே."

"இல்லீங்க," என்றான் சசிகுமார். "எனக்கு நானே போட்டுக்கிட்டதுங்க. ஆறாம் பக்கம் நானும் படிக்கலீங்க."

டாக்டர் சொன்னது, மாத்திரை, சூப்பர்வைசர் லீவு எல்லாம் வெளியே வந்தது. பிரபாகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆனால் விடாமல் கேட்டார்.

"சரிங்க. அப்ப அந்த ஒரே டைரக்சன் என்னங்க?"

அதைத்தான் அவன் பத்து நாளாகச் சாயங்காலத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். அலமாரியைப் பார்த்தான். நாய்க் காலுறையிலிருந்து ஆரம்பிக்க மூச்சை இழுத்தான். ஒரு மணி நேரம் வரப்போவது சித்ரகலாவுக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க வேண்டும் என்றுதான் அலமாரிக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றாள். நின்றவளுக்கு, ஆறு வருடமாகத் தூசி தட்டிய ஐந்து தட்டும் திடீரென்று வேறுமாதிரி தெரிந்தன.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக. "நாய்க்குக் கால் உரசக் கூடாதுன்னு இது. காது உரசக் கூடாதுன்னு இது. கழுத்து, முதுகு, தொடை... நீங்க அஞ்சு தொழில் பண்ணலீங்க. ஒரே தொழிலத்தான் அஞ்சு தடவை பண்ணியிருக்கறீங்க."

சசிகுமாரின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. லேபிளை வெட்டிய இடத்தில் இன்னும் இரண்டு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கை ஒரு துண்டு, முதுகு ஒரு துண்டு, நெஞ்சு ஒரு துண்டு. துண்டு எத்தனை இருந்தால் என்ன, முடி ஒரே பக்கம் படுத்திருந்தால் போதாதா? அவன் முப்பத்தொன்பது வயதுவரை பேசியதிலேயே சின்ன பதிலைப் பிரபாகருக்குச் சொன்னான்.

"உடம்புல உரசாத துணி தைக்கறோமுங்க."

பிரபாகர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தோல் வெடிப்புள்ள குழந்தைகளுக்கு உள்ளாடை தைக்க ஒரு பையர் ஆள் தேடிக்கொண்டிருப்பதாகவும், முதலில் ஐந்நூறு பீஸ் தருவதாகவும், அது தேறினால் வருடம் முழுக்கப் பேசலாம் என்றும் சொன்னார். கிளம்பும்போது, மாஸ்டர் ஏதாவது கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லிவிடும்படி சித்ரகலாவிடம் கேட்டுக்கொண்டார், சசிகுமாரிடம் அல்ல.

அவர் கார் திரும்பியதும் சித்ரகலா தங்கவேலுவைக் கூப்பிட்டு அலமாரி அங்கேயே இருக்கட்டும் என்றாள். சசிகுமார் சந்தோஷம் தாங்காமல் போனை எடுத்துக் குரூப்பில் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். அனுப்பும் முன் அவள் வாங்கிப் படித்தாள்: "இன்று முதல் எல்லோரும் ஒரு சைஸ் பெரிதாக யோசிக்க வேண்டும்."

கட்டிங் மேசையில் காசிமாயன் புதுத் துணியை விரித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனும் கையுமாகக் காத்திருந்தார்.

சித்ரகலா அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.