மல்லாட்டைக் களத்தில் வாய்ப்பாடு

எனக்குக் கோபம் ஜாஸ்தி. பள்ளிக்கூடம் ஆரம்பித்ததே ஒரு கோபத்தில்தான். கீழ்பென்னாத்தூர் பஸ் போகும் ரோட்டில், திருவண்ணாமலை ஊர் முடிகிற இடத்தில் ஒரு சர்க்கார் பள்ளி இருந்தது. அதன் வாத்தியார் சம்பள நாளுக்கு மட்டும் வருவார். நானோ டீச்சர் டிரெய்னிங் முடித்து வேலையில்லாமல் கிடந்தேன். எண்பதாம் வருஷம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் மீடியம் என்று போர்டு மாட்டினேன். முடிந்தவர்கள் காசு கொடுத்தார்கள். முடியாதவர்கள் கூரைக்குக் கீற்று முடைந்து கொடுத்தார்கள்.

மூன்றாம் வருஷம் அங்கீகாரம் கேட்டு எழுதிப் போட்டேன். அது இல்லாவிட்டால் ஐந்தாவது முடிக்கிற பிள்ளைகளை டவுன் ஹைஸ்கூலில் சேர்க்க மாட்டார்கள். கூலி வேலைக்குப் போகும் தனத்தின் மகள் பாஞ்சாலை அந்த வருஷம் ஐந்தாவது. ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை பார்வையிட வருவதாகக் கல்வி ஆபீசர் சொல்லி அனுப்பினார்.

கொட்டகைக்கு எதிரே இராமலிங்கத்தின் மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். என் பள்ளிக்கூடத்தைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும். விதை மல்லாட்டையை மெஷினில் போட்டால் பருப்பு உடைந்துவிடும், கையால்தான் உரிக்க வேண்டும், அதற்குப் பிள்ளைகளின் விரலும் வேண்டும். பிள்ளைகளைக் கூட்டி வராதவர்களுக்கு நாளை முதல் வேலை இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டார். தனம் வந்து அழுதாள். நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்படியென்றால் என் அடுப்பை நீ எரிய வைப்பாயா என்று கேட்டாள். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை ஆபீசர் அருணகிரி வந்தபோது கொட்டகையில் ஈ, காக்கை இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புள்ளைங்களே இல்லாத ஸ்கூலுக்கு நான் என்னத்தம்மா எழுதறது?"

"இருக்காங்க சார். எங்கூட வாங்க."

கரும்பலகையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். பாவம், அவரும் பின்னாலேயே வந்தார்.

மண்டிக் களத்தில் "அண்ணாமலைக்கு" என்று ஒருத்தி சொல்ல, பிள்ளைகள் "அரோகரா" என்று கத்தியபடி உரித்துக்கொண்டிருந்தார்கள். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். வாய் சும்மா இருந்தால் பருப்பு உள்ளே போய்விடுமாம். அதற்காக இராமலிங்கம் போட்ட சட்டம் அது. வாய் நின்றால் மண்டையில் குட்டு விழும்.

மூட்டைமேல் பலகையைச் சாத்தி, தொண்டை கிழியக் கேட்டேன்: "த்ரீ ஒன்ஸ் ஆர்?"

"த்ரீ!"

களம் அதிர்ந்தது. அரோகரா நின்று மூன்றாம் வாய்ப்பாடு ஓடியது. விரல்கள் உரித்துக்கொண்டேதான் இருந்தன. பாஞ்சாலை எல்லோரையும் முந்திக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டுக்குத் தாவினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன?

இராமலிங்கம் உள்ளேயிருந்து ஓடி வந்தார். இது மண்டியா மடமா என்று என்மேல் பாய்ந்தார். வாய் ஓயக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தானே என்றேன். அவருக்கு மூக்குமேல் கோபம்.

"எல்லாரும் வாய மூடுங்கடி!"

மூடினார்கள். பாஞ்சாலை அவரையே பார்த்தபடி ஒரு கைப்பிடி பருப்பை அள்ளி வாயில் போட்டு மென்றாள். அடுத்தவளும் மென்றாள். பிறகு களம் முழுக்க, தாய்மார்களும் சேர்ந்து, மெல்லும் சத்தம் மட்டும்தான். ஆபீசர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இராமலிங்கம் பாஞ்சாலையை அடிக்கக் கை ஓங்கினார். அதுவரை தலை குனிந்தே இருந்த தனம் எழுந்து நடுவில் நின்றாள். 

"அவ மேல கை பட்டுச்சுன்னா, உங்க விதைய நீங்களே உரிச்சிக்குங்க மொதலாளி."

முறத்தைக் கவிழ்த்துவிட்டு மகளோடு ரோட்டைக் கடந்தாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் பின்னால் போனார்கள். ஆபீசர் கொட்டகையில் உட்கார்ந்து மத்தியானம் வரை பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார். அங்கீகாரத்துக்குச் சிபாரிசு எழுதுவதாக என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அங்கீகாரம் வரும், இந்தப் பெண்களுக்குக் கஞ்சி எங்கிருந்து வரும்?

மறுநாள் பாடம் நடக்கும்போது இராமலிங்கமே கொட்டகை வாசலுக்கு வந்தார். மழை வாசம் வந்துவிட்டது, விவசாயிகள் விதை கேட்டு மண்டி வாசலில் நிற்கிறார்கள் என்றார். எல்லாரையும் வரச் சொல்லி, வெளியே காத்திருந்த தனத்திடம் கெஞ்சாத குறைதான்.

தனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாங்க வர்றோம் மொதலாளி. புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்குது."