பதுங்குகுழி இல்லை

என் புருஷன் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டு, சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வெட்டிய பிறகு என்ன சரிபார்ப்பு? பக்கத்து வீட்டுக் காந்தாவைக் கூட்டிக்கொண்டு, லிங்கராஜபுரத்தில் அய்யாவு வைத்திருக்கும் கல் பட்டறைக்குப் போனேன்.

யூஜின் பட்டாளத்தில் சாப்பர். பாதை போடுவது, பாலம் கட்டுவது, அரண் எழுப்புவது அவர்கள் வேலை. போன வருஷம் கார்கில் சண்டையில் இறந்துபோனார். நாளைக்கு எங்கள் தெருமுனையில் அவருக்கு நினைவுக்கல் திறக்கிறார்கள்.

காந்தா வாசித்தாள். 'கார்கில் போரில் பதுங்குகுழிக்குள் வீரமரணம் எய்திய ஹவில்தார் யூஜின்.'

"ஏன்க்கா, அண்ணன் ஒளிஞ்சிட்டிருந்தப்பவா அடிபட்டாரு?"

அவளைச் சொல்லி என்ன பிரயோஜனம், கல் அப்படித்தான் சொன்னது. தெருச் சங்கத்துச் செயலாளர் சுந்தரராமன் சார் பக்கத்தில் பெருமையாக நின்றிருந்தார்.

"யார் சார் இதை எழுதினது?"

"நான்தாம்மா. பேப்பர்ல அவரு இறந்த இடத்தை 'சங்கர்'னு இங்கிலீஷ்ல போட்டிருந்தான். நம்ம கல்லுல இங்கிலீஷ் எதுக்குன்னு நல்ல தமிழாப் போட்டேன்."

"அது இங்கிலீஷே இல்ல சார். 'சங்க்'னா பாரசீகத்துல கல்லு. ஆப்கான் பக்கத்து மலைக்காரங்க கல்லைச் சுவராட்டம் அடுக்கி, அதுக்குப் பின்னால நின்னு சுடுவாங்க; அந்தச் சுவருதான் 'சங்கர்'. வெள்ளைக்காரன் அவங்ககிட்ட அடி வாங்கித்தான் அந்தப் பேரைக் கத்துக்கிட்டான். பாறையில தோண்ட முடியாதுன்னுதானே அடுக்குறது. குழி எங்கருந்து வந்துச்சு?"

லீவில் வந்திருந்தபோது, சமையலறையில் உருளைக்கிழங்கை அடுக்கிக் காட்டி யூஜின் எனக்குச் சொன்னது இது. நான் கிழங்கை எடுத்துக் குழம்பில் போட்டேன்.

"குழியோ சுவரோ, உள்ளதானேம்மா இருந்தாரு?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. காயம் ஆறியதும் அவருடைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த சிப்பாய் பரத் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அடிபட்டவர்களை உள்ளே படுக்க வைத்திருக்கிறார்கள். சுவர் இடுப்பளவுகூட ஏறவில்லை. இவர் வெளியே நின்று கல்லைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார். குண்டு அப்போதுதான் விழுந்திருக்கிறது. உள்ளே கிடந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பரத்தும் அவர்களில் ஒருவன்.

அதைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது, எரிச்சலாக இருந்தது.

"மாத்துங்க சார்."

"நாளைக்கு எம்.எல்.ஏ. வர்றாரும்மா. வீரமரணம்னு போட்டிருக்கே, அது போதாதா? இதையெல்லாம் யாரு நின்னு படிக்கப் போறாங்க?"

"யாரும் படிக்காத கல்லுல அவரு பேரு எதுக்கு?"

அய்யாவுவின் உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். தடுக்க வந்த அய்யாவு என் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். முதல் அடி வழுக்கி என் விரலில் பட்டது. அடுத்ததில் 'யூ' பெயர்ந்தது. பெயர் முழுவதும் போகும்வரை நான் நிறுத்தவில்லை.

"அய்யய்யோ, நாளைக்கு யார் பேரைச் சொல்லித் திறக்கிறதும்மா?" என்றார் சுந்தரராமன்.

"ஒளிஞ்சவங்க யாராவது கிடைச்சா அவங்க பேரைப் போட்டுக்குங்க சார். என் புருஷன் வெளியில நின்னாரு."