வெள்ளைத் துணியின் முனை

"வயிறு தானா எழும்புதா, இல்ல நீ எழுப்புறியாம்மா?"

சகாயிங் மலைத் தியான மடத்தில் சேர்ந்த மறுநாள், எங்களுக்குத் தியானம் சொல்லித்தந்த பெண்துறவி சயாலே என்னிடம் கேட்டது இது. மூச்சோடு வயிறு எழுவதையும் தாழ்வதையும் வெறுமனே கவனிக்க வேண்டும். தெரியவில்லை என்றேன். நான் வயிற்றைக் கவனிக்கவே இல்லை; பெரியம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா செத்தபின் என்னை வளர்த்தவள் பெரியம்மா. மொன்யுவா சந்தையில் எங்களுக்கு மொஹிங்காக் கடை; மீன்குழம்பில் அரிசி நூடுல்ஸ். பள்ளிக்கூடத்தை விட்டபின் அங்கே கிண்ணம் கழுவினேன். வாடிக்கையாளர் யார் வந்தாலும் வாய் திறக்கமாட்டேன். அப்படிப்பட்டவளை எத்தனை காலம் வைத்துச் சோறு போடுவார்கள்? பெரியம்மாவோடு மடத்துக்குக் கிளம்பியபோது பக்கத்துக் கடை மா த்வே சிரித்துக்கொண்டே சொன்னாள்: "போறப்ப ஜடையோட போற, நிலாரு. வர்றப்ப பாப்போம். வந்தா."

மடத்தில் பேசக் கூடாது, நிமிர்ந்து பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். பெரியம்மாவின் கூடையில், பழுப்பு லுங்கிகளுக்கு அடியில், பெண்துறவிகள் உடுத்தும் இளஞ்சிவப்புத் துணி புதிதாக மடித்து இருந்தது. ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அதை எடுத்து என் தோளில் வைத்துக் கணுக்கால் வரை அளந்தாள். ஏன் என்று கேட்க வழியில்லை. துணி கூடைக்குத் திரும்பியது. மாலையில் சயாலேயின் அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. என் பெயரும் கேட்டது.

உடம்பு, உணர்ச்சி, மனம், மனத்தில் வந்துபோகிறவை, இந்த நான்கையும் உள்ளபடி பார்க்கச் சொன்னார் புத்தர் என்று சயாலே உபதேசத்தில் சொன்னார். தியானத்துக்கு அவர் எண்ணிச் சொன்ன ஐந்து தடைகளில் சந்தேகமும் ஒன்றாம். வந்தால் விரட்டாமல், 'சந்தேகம்' என்று மனதில் குறித்துக்கொண்டால் அது தானே போய்விடுமாம். அவர் சொன்னது தருமத்தின்மேல் வரும் சந்தேகம். எனக்கோ பெரியம்மாவின்மேல். குறிக்கக் குறிக்க அது கொழுத்தது.

அடுத்த நாள் காலை ஒருத்தி சைகையால் என்னைக் கூப்பிட்டாள். புளியமரத்தடியில் சயாலே சவரக்கத்தியோடு நின்றார். தண்ணீர்க் கிண்ணம், வெள்ளைத் துணி, காலியான முக்காலி. பெரியம்மா பக்கத்தில் நின்றாள். ஓடலாமா என்று நினைத்தேன். ஓடி எந்த வீட்டுக்குப் போவது? ஜடையை முன்னால் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

பெரியம்மா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். "நீ எங்கடி உக்கார்ற? இந்த முனையைப் பிடி."

மழிக்கும் முடி மண்ணில் விழாமல் சொந்தக்காரர்கள்தான் துணியை ஏந்திப் பிடிப்பார்கள். நாங்கள் இருவரும் ஒரே உயரம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது; என்மேல் வைத்து அளந்த துணி அவளுக்கு. தன் கொண்டையிலிருந்த ஆமையோட்டுச் சீப்பை உருவி என் தலையில் செருகிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

"கடையை யாரு பாக்கறது, பெரியம்மா?"

"நீதான். பின்ன போன மாசம் பூரா குழம்பு எதுக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

"எனக்குப் பேச வராதே."

"மொஹிங்காவுக்கு எதுக்குடி பேச்சு? கிண்ணத்தை நீட்டு, போதும்."

நரை கலந்த முடி துணியில் விழுந்தது. எப்போது திரும்புவாள் என்று கேட்டேன். மழைக்காலத் தவம் முடிந்ததும் என்றாள். மூன்று மாதத்தில் திரும்புகிறவள் சீப்பை யாருக்காவது கொடுப்பாளா?

மறுநாள் பேருந்துக்கு முன் அவளைப் பார்க்கப் போனேன். இளஞ்சிவப்பு உடையில் நடைத் தியானத்தில் இருந்தாள். பாதம் எழுந்தது, நகர்ந்தது, தரையில் பதிந்தது. முந்தாநாள் வரை நான் தலைவாரிவிட்டவளை இப்போது மண்டியிட்டுத்தான் வணங்க வேண்டும். வணங்கினேன். பாதையின் முனையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றாள். மடத்து விதியா, மனசா, எது அவள் வாயைக் கட்டியது என்று முகத்தில் தேடினேன். கண்கள் தாழ்ந்தே இருந்தன.

மெல்லத் திரும்பினாள். வந்த வழியே நடந்துபோனாள்.